ரெஹாலில் பாதி இடம்

எங்கள் தெரு மதரஸாவின் சுவரில் போன மாதம் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். ஓத வரும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் வைக்கக் கூடாது, யாரையும் ஒதுக்கக் கூடாது, அப்படி நடந்தால் ஓதிக்கொடுக்கிற ஹஜ்ரத்திடம் வந்து சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் எழுத்துக் கூட்டி அதைப் படித்து முடிப்பதற்குள் அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மதரஸாவைப் பார்த்துக்கொள்வது என் தம்பி மகன்தான். "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் ஏது குப்பி?" என்று கேட்டான். அத்தையை எங்களில் குப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். சிரித்துவிட்டு வந்தேன். எங்கள் காலத்தில் பலகைதான் கிடையாது. மற்றதெல்லாம் இருந்தது.

நான் பல்லாவரத்தில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடம் எனக்குச் சீக்கிரமே நின்றுவிட்டது. ஓதப் போவதை மட்டும் நான் விடவில்லை, குர்ஆனை முழுதும் முடித்தேன். அதை இன்றைக்கும் யாரிடமும் சொல்லிக்கொள்ளத் தயங்க மாட்டேன்.

தகப்பனாரை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா தோல் பதனிடுகிற டேனரியில் வேலை பார்த்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டு மயிரை வழிக்கிற தொட்டி அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வாடை குளித்தால் போகிற வாடை இல்லை. அத்தாவோடு வீட்டுக்கு வந்து எங்கள் துணியிலும் பாயிலும் தலையணையிலும் அதுவும் படுத்துக்கொள்ளும். எங்களுக்கு அது ஒரு வாடையாகவே தெரியாது. வேலை முடிந்து அத்தா வந்துவிட்டார் என்று அர்த்தம், அவ்வளவுதான். அதற்கு நாற்றம் என்று பெயர் என்பதை நான் ஓதப் போன இடத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற அம்மாளை உஸ்தாபி என்று கூப்பிடுவோம். பள்ளிவாசலுக்குப் பின்னால் அவருடைய வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்திருந்தார். பாயின் நடுவில் வரிசையாக ரெஹால்கள் இருக்கும். ரெஹால் என்றால் குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற மடக்குப் பலகை. வேதத்தைத் தரையில் வைக்கக் கூடாது அல்லவா? பலகைகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆகவே ஒரு பலகைக்கு இரண்டு பேர். யாரோடு யார் என்று தீர்மானிக்கிறவள் சட்டாம்பிள்ளை. அந்தச் சட்டாம்பிள்ளை டேனரி முதலாளியின் மகள்.

அவள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள். நன்றாக ஓதுவாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். அவள் ஓதினால் கேட்கிறவர்களுக்கு நிறுத்தச் சொல்ல மனம் வராது. ஓதி முடித்த அதே வாயால்தான் எனக்குப் பெயரும் வைத்தாள்.

"தொட்டி வருது, தொட்டி வருது! மூக்க மூடிக்கோங்கடி!"

எல்லாரும் முக்காட்டை இழுத்து மூக்கின்மேல் போட்டுக்கொள்வார்கள். அதில் பாதிப் பேருடைய அத்தாமார்களும் அதே டேனரியில்தான் வேலை செய்தார்கள். ஆனாலும் முதல் ஆளாக மூடியவர்கள் அவர்களே. நான் எந்தப் பலகைக்குப் போனாலும் அங்கே இருக்கிற பெண் நடுவில் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். எனக்குப் பலகை இல்லை. குர்ஆனை மடியில் வைத்து ஓதுவேன். உஸ்தாபியின் விசிறிக் காம்பு முதுகில் விழும்.

"வேதத்த மடியிலயா வெப்பே? மரியாத தெரியாதவளே!"

உஸ்தாபி கெட்டவர் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடம் கேட்பார். அத்தனை பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும், எந்த மூலையில் எவள் எந்த எழுத்தை முழுங்கினாள் என்று காதாலேயே பிடித்துவிடுவார். காது அவ்வளவு கூர்மையாக இருந்ததால் கண்ணுக்கு வேலை வைக்கவில்லை. எப்போதாவது அவர் கண்ணைத் திறக்கும்போது மடியில் வேதத்தோடு நான்தான் தெரிவேன்.

அடிக்குப் பயந்து குர்ஆனை இரண்டு கையாலும் மார்புக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓத ஆரம்பித்தேன். கனமான பழைய பதிப்பு. பாடம் நீளமான நாட்களில் தோள் நடுங்கும். கை இறங்கினால் சட்டாம்பிள்ளை, "உஸ்தாபி, அவ மடியில வெக்கிறா" என்பாள்.

வீட்டில் நான் பெயரைப் பற்றி மட்டும் சொன்னேன். பலகையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா அழுவார், எனக்கு அது பிடிக்காது. பெயருக்கு அம்மா ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். பெருநாளுக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகை அத்தரை எடுத்து என் கழுத்து, காது, மணிக்கட்டு, முக்காட்டு ஓரம் என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துவிட்டார். கல்யாணப் பெண் மாதிரி நடந்து போனேன். சுண்ணாம்பும் மல்லிகையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

"இன்னாடி இது, மல்லிப்பூ தொட்டியில வுழுந்து செத்துகிச்சா?" என்றாள் ஒருத்தி. கூடமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், உண்மையிலேயே அது நல்ல கேலி. வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்த வருஷம் முதலாளியும் அவர் மனைவியும் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார்கள். அப்போதெல்லாம் பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டும். போனவர் திரும்பினால்தான் நிச்சயம். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு முன்பு வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது எங்களுக்குள் வழக்கம். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரே மன்னிக்க வேண்டும், அதை அல்லாஹ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்வதில்லை என்பார்கள். ஆனால் நடக்கும்போது அது கல்யாணத்துக்கு அழைப்பது போலத்தான் நடக்கும். வந்தவர், "ஏதாச்சும் குத்தம் குறை இருந்தா மன்னிச்சிருங்க" என்பார். வீட்டுக்காரர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எங்களுக்கும் துஆ கேளுங்க" என்று தனக்கும் ஒரு பிரார்த்தனை கேட்டுக்கொள்வார். ஆளுக்கொரு டம்ளர் சர்பத், அடுத்த வீடு.

எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். முதலாளி வாசலிலேயே நின்று அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வேலயில முன்ன பின்ன ஏதாச்சும் பேசியிருப்பேன்..." என்று ஆரம்பித்தார். அவர் முடிக்கவில்லை, அதற்குள் அத்தா, "மன்னிச்சாச்சு மொதலாளி, எல்லாம் மன்னிச்சாச்சு, நல்லபடியா போய்ட்டு வாங்க" என்று மூச்சு விடாமல் சொல்லிவிட்டார்.

முதலாளியம்மா உள்ளே வந்தார். அவர் பின்னால் புதுப் பட்டுப் பாவாடையில் சட்டாம்பிள்ளை. உட்காரப் பாயை விரித்தோம், வேண்டாம் என்றார். கையில் அத்தர் போட்ட கைக்குட்டை, மூக்குப் பக்கத்திலேயே இருந்தது. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார், அம்மாவும் முறைப்படி பதில் சொன்னார். பிறகு அவர் சும்மா போயிருக்கலாம். என்ன நினைத்தாரோ, குனிந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"சின்னப் புள்ளைங்க கிட்டயும் கேக்கணும்பாங்க. எங்க வீட்டால உனக்கு ஏதாச்சும் மனக்கஷ்டம் இருந்தா மன்னிச்சுடு கண்ணு."

"மாட்டேன்" என்றேன்.

எனக்கே அது வேறு யாரோ சொன்னது போலக் கேட்டது. அம்மா என் தொடையைக் கிள்ளினார். கிள்ளின கிள்ளில் தழும்பு போட்டிருக்க வேண்டும். "ஏதோ ஒளறுது மொதலாளியம்மா. சின்னப் புள்ள, அதுக்கு இன்னா தெரியும்? நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அம்மா. வாசலில் பேச்சு நின்றுபோனது. அத்தாவின் நிழல் கதவோரம் வந்து அப்படியே நின்றது.

"ஏன் மாட்டே?" என்று முதலாளியம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இவ எனக்கு ரெஹால்ல எடம் வுடமாட்றா. யாரையும் வுட வேணாம்னு சொல்லிக்கீறா. மடியில வெச்சா உஸ்தாபி அடிக்கிறாங்க. கையில தூக்கிகினே ஓதுறேன். கை வலிக்குது."

முதலாளியம்மா மகளைத் திரும்பிப் பார்த்தார். "நெசமா?"

"அவ மேல நாத்தம் வருதும்மா" என்றாள் அவள். அவளும் பொய் சொல்லவில்லை.

முதலாளியம்மா கண்ணைத் தாழ்த்தினார். தன் கையில் இருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அதை மெதுவாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, வேண்டாம் என்று சொன்ன அந்தப் பாயில் உட்கார்ந்தார். அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சர்பத் இருக்கிறது என்றதற்கு, "வேணாம், தண்ணி போதும்" என்றார். குடித்துவிட்டு என்னிடம், "இப்ப மன்னிக்க வேணாம்மா. உனக்கு எப்ப தோணுதோ அப்ப மன்னி" என்றார். மகளை முன்னே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அவர்கள் தெரு முனை திரும்பியதும் அம்மா என்னை அடித்தார். அடித்துக்கொண்டே அழுதார். "வேல போச்சுன்னா இன்னாடி பண்றது? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்றதுக்கு உனக்கு இன்னா வந்துச்சு?" அத்தா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றார். அவர் என்னை அடிக்கவும் இல்லை, கேள்வி கேட்கவும் இல்லை. என் இரண்டு கையையும் பிடித்துத் தோள் வரை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். மறுநாள் காலையில் அவர் வேலைக்குப் போனபோது அம்மா அவர் முதுகு மறைகிற வரை வாசலில் நின்றார். சாயந்திரம் வழக்கமான வாடையோடு அத்தா வந்து நின்றதும்தான் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தார்.

அதற்குள் முதலாளியம்மா உஸ்தாபியைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். என்ன பேசினார்களோ தெரியாது. அடுத்த நாள் நான் ஓதப் போனபோது உஸ்தாபி கண்ணைத் திறந்து உட்கார்ந்திருந்தார். விசிறி கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. சட்டாம்பிள்ளைக்கு இன்றைக்கு விழப் போகிறது என்று எல்லாரும் ஆவலாகக் காத்திருந்தோம். நானும்தான். ஒன்றும் விழவில்லை.

"இந்தப் புள்ள கையில தூக்கி ஓதிகினு இருந்திருக்கு, நான் கண்ண மூடிகினு இருந்திருக்கேன். குத்தம் என்னுது" என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் நிரந்தரமாக ஒரு இடம் இல்லை. வருகிற வரிசையில் இரண்டிரண்டு பேராக உட்கார வேண்டும். சட்டாம்பிள்ளை வேலை வாராவாரம் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் போகும். கடைசியாக ஒன்று சொன்னார். "யாருக்காச்சும் யாராலயாச்சும் கஷ்டம்னா என் பக்கத்துல வந்து உக்காந்துக்கோங்க. வாயத் தொறந்து எதுவும் சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன்."

அடுத்த சில நாட்கள் அவர் பக்கத்தில் இடமே கிடைக்கவில்லை. கஷ்டம் உள்ளவர்களும் வந்தார்கள், காற்று நன்றாக வருகிறது என்று வந்தவர்களும் இருந்தார்கள். உஸ்தாபி யாரையும் எழுப்பவில்லை. ஆனால் அதுவரை வாயே திறக்காத, கால் சாய்த்து நடக்கிற ஒரு பெண், தினமும் அங்கே வந்து உட்கார்ந்தாள். அவளையும் யாரோ என்னமோ சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் கவனித்ததே இல்லை.

முதலாளி வீட்டில் பயணத்துக்குப் பெட்டி கட்டினார்கள். வியாழக்கிழமை, ஓதல் முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரத்தில் முதலாளி மகள் என்னைக் கிணற்றடியில் மறித்தாள். கண் வீங்கியிருந்தது.

"ஏய், மன்னிச்சேன்னு சொல்லுடி."

"ஏன்?"

"நீ மன்னிக்கலேன்னா எங்கம்மாவோட ஹஜ்ஜு கூடாது, அல்லா ஏத்துக்க மாட்டான். கப்பல் முழுகிடும்."

"யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது பிதுங்கிக்கொண்டு அழுகையாக வந்தது. அவ்வளவு நன்றாக ஓதுகிறவள் அவ்வளவு அசிங்கமாக அழுவாள் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஒரு கப்பல் முழுவதும் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். கொஞ்ச நேரம் கிணற்று ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கம்மாவுக்காக இல்ல, நீ கேளு. உனக்காகக் கேளு" என்றேன். அவள் கேட்டாள். வார்த்தை சரியாக வரவில்லை, ஆனால் கேட்டாள். "சரி, மன்னிச்சேன்" என்றேன். அவள் ஓட்டமாக வீட்டுக்கு ஓடினாள். கப்பல் போய்த் திரும்பியும் வந்தது. அவளும் நானும் பிற்பாடு எத்தனையோ நாள் ஒரே பலகையில் ஓதினோம். சிநேகிதிகள் ஆனோம் என்று சொல்ல முடியாது. பாதி இடம் விடுவாள். எனக்கு அது போதுமாயிருந்தது.

மன்னித்த அன்றைக்குச் சாயந்திரம் அத்தா வந்ததும் அவரிடம் இதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். நான் எப்படி நின்றேன், அவள் எப்படி அழுதாள், உடனே மன்னிக்காமல் எப்படிக் காக்க வைத்தேன் என்று நடித்தே காட்டினேன். அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அவருக்குச் சந்தோஷம் என்பது தெரிந்தது. அந்தத் தைரியத்தில், "நீங்க மட்டும் ஏன் அத்தா, மொதலாளி கேட்டு முடிக்கறதுக்குள்ளயே மன்னிச்சிட்டீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தா பிசைந்த சோற்றையே மறுபடியும் பிசைந்தார். அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"எனக்கு மன்னிக்கிறதுக்கு இன்னாம்மா கீது? ஒண்ணும் இல்ல" என்றார் அத்தா.

நான் அவரை நம்பினேன். என் அத்தாவிடம் யாருமே தப்பாக நடந்துகொண்டதில்லை, எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு அதிர்ஷ்டக்காரர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டே, நிம்மதியாகச் சாப்பிட்டேன்.