சாலமன் சாருக்கு இரங்கல் உரை வேண்டாம்

சென்ற வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் என்னை ஒரு மரணத்துக்கு 'புக்' செய்தார்கள்.

அதிர்ச்சி அடைய வேண்டாம். கல்யாணத்துக்கு நாதஸ்வரம், திருவிழாவுக்கு வாணவேடிக்கை, சாவுக்கு நான்... எங்கள் நகரின் எழுதப்படாத ஏற்பாடு இது. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் கோப்பைகளாக வென்று குவித்தவன் என்பதால், உருக்கத்தை எனக்கே நிரந்தரக் குத்தகைக்கு விட்டிருக்கிறது நகர் நலச் சங்கம். அந்த முடிவில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை.

காலையிலேயே சங்கச் செயலாளர் கோதண்டம் வாசலில் நின்றார்.

"தம்பி, நம்ம சாலமன் சார் போய்ட்டாரு. ரயில்வேல கார்டா இருந்து ரிட்டயர் ஆனாரே... விடியக்காலைல ஹார்ட் அட்டாக். மைக் சொல்லிட்டேன். சிலுவை வெச்ச மலர்வளையம் ஒண்ணு ஆர்டர் குடுத்தாச்சு. நீ பைபிள்லேருந்து ரெண்டு வரி சேத்துக்க."

"சார், அவர் கிறிஸ்தவர் இல்லை. யூதர்."

"அதுவும் அவங்கள்ல ஒரு பிரிவுதானேப்பா?"

பல்லாண்டுகள் ஒரே தெருவில் வாழ்ந்தவரின் மதத்தை அவர் இறந்த பிறகு விசாரிக்கும் பண்பாடு நம்முடையது. விசாரித்தோமே... அதைப் பாராட்டுங்கள்.

சாலமன் சார் வீட்டு முன்புறத்தில் தென்னங்கீற்று வேய்ந்த சிறு குடில் ஒன்று நின்றது. அதைக் கண்டதும் செயலாளர் நெகிழ்ந்தே போனார். "பாத்தியா, பந்தல்கூட ரெடி! மனுஷனுக்கு என்ன முன்யோசனை!"

அழுத கண்களோடு வாசலுக்கு வந்தார் அவர் மனைவி ரேச்சல் ஆன்ட்டி. "அது சாவுப் பந்தல் இல்ல கோதண்டம் சார். இன்னிக்கு சாயங்காலம் எங்களுக்குப் பண்டிகை ஆரம்பம். எங்க முன்னோர் எகிப்துலேருந்து தப்பிச்சு வந்து வனாந்தரத்துல குடிசைல இருந்தாங்க இல்லையா... அத நெனச்சு ஒரு வாரம் இதுலதான் சாப்பிடுவோம். அவரே கட்டினாரு."

அந்தக் கூரையில் வேண்டுமென்றே இடைவெளி விடுவார்களாம், இரவில் நட்சத்திரம் தெரிவதற்காக. நம் செயலாளரின் கண்ணுக்குத் தெரிந்ததோ ஓட்டை. உடனே தார்ப்பாய் வந்தது. மடக்கு நாற்காலிகள் வந்தன. மூங்கிலில் மைக் கட்டப்பட்டது. பண்டிகைக் குடில் பொதுக்கூட்ட மேடையாயிற்று!

ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, பொழுது சாயறதுக்குள்ள அவரை மண்ணுல வெச்சாகணும். பண்டிகை தொடங்கிட்டா எங்க ஆளுங்க அடக்கம் பண்ண மாட்டாங்க. அவரை உள்ள கிடத்திட்டு நான் எப்படிப்பா பண்டிகை விளக்கு ஏத்துவேன்?"

அவர்களுக்கான கல்லறையோ நகரத்துக்குள் இருக்கிறது. தாம்பரத்திலிருந்து அது எவ்வளவு தூரம் என்பதை ஜி.எஸ்.டி. ரோட்டில் பயணம் செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன?

சற்று நேரத்தில் மின்சார ரயிலில் வந்து இறங்கினார்கள் மூவர். யூதர்களிடம் இதற்கென்றே தொண்டர் குழு உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, அடக்கம் செய்வதுவரை எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூலி கிடையாது. மூவரில் மூத்தவரான டேவிட் வங்கி ஊழியர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

கையிலிருந்த மூட்டையைக் காட்டினார். பருத்தியில் தைத்த வெள்ளை உடை. அதில் பை என்பதே இல்லை. எங்கள் பொதுவாழ்வுப் பெருமக்கள் இதைப் பார்த்தால் இறப்பதற்கே சம்மதிக்க மாட்டார்கள்.

அவர்கள் தண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். உள்ளே ஓசையில்லை. வெளியே... ஓசையைத் தவிர வேறேதும் இல்லை. முதலில் பேசியவர் தம் ரயில்வே சீசன் டிக்கெட் தொலைந்த வரலாற்றைச் சொன்னார். அடுத்தவர் சாலமன் சாரைப் 'பரலோகப் பிதாவின் மடியில்' அமர்த்தினார். மூன்றாமவர் தெருவிளக்குப் பிரச்சினைக்குத் தாவினார். இறந்தவர் பெயரை எவரேனும் சொன்னார்களா? சொன்னார்கள் — "சாமுவேல்" என்று.

டேவிட் வெளியே வந்தார். "சார், எல்லாம் முடிஞ்சது. வேனும் வந்தாச்சு. மத்தவங்க பண்டிகைக்கு பம்பாய் போயிருக்காங்க, நாங்க மூணு பேர்தான். தூக்க, மண்ணு போட இன்னும் நாலஞ்சு பேர் வேணும்."

"இருங்க சார்," என்றார் கோதண்டம். "இன்னும் நாலஞ்சு பேர்தான் பேசணும்."

டேவிட் என் பக்கம் திரும்பினார். "நீங்கதான் முக்கியப் பேச்சாளராமே. தப்பா நெனைக்காதீங்க... இந்தப் பண்டிகை மாசத்துல எங்க வழக்கப்படி இரங்கல் பேச்சே கிடையாது."

பேச்சாளனிடம் சொல்லக்கூடிய செய்தியா இது? மீனிடம் போய்த் தண்ணீருக்குத் தடை என்பதைப்போல! ஆயினும் மைக்கைப் பிடித்தேன். பிடித்த மைக்கை விட்டுக்கொடுத்த வரலாறு எனக்கு இல்லை.

"தலைவர் அவர்களே! சூரியன் நம் தீர்மானத்துக்காகக் காத்திருக்காது. நா உள்ளவர்கள் நாளை பேசலாம். தோள் உள்ளவர்கள் இப்போதே எழுந்து வாருங்கள்!"

பலத்த கைதட்டல். சாவு வீடு என்பது தட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து வந்தவர்களோ மூவர். பால் பூத் நடத்தும் சேகர், அவர் தம்பி, சென்ற மாதம் மேடையில் என்னிடம் தோற்ற செல்வம். மற்றவர்கள் கைக்கடிகாரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை.

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை. லாரி, மாட்டுவண்டி, கூடை, கோழி... வேன் அசையவில்லை. டேவிட் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சேகர் குதித்து இறங்கினார்.

"யோவ், வண்டிய ஓரங்கட்டுயா! உள்ள பெரியவர் கீறாரு!"

"அப்டி இன்னா அவசரமா போறாரு?"

"ஒரேயடியா போறாருயா! வழி வுடு!"

லாரிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, அவரே முன்னால் நடந்து வழியமைத்தார்.

கல்லறையை அடைந்தபோது மரக்கிளைகளின் உச்சியில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது. மண் போட்டு முடித்து மண்வெட்டியைச் செல்வத்திடம் நீட்டினேன். டேவிட் தடுத்தார். "கீழ வெச்சிடுங்க. அவரே எடுத்துக்கட்டும். துக்கத்த நாங்க கைக்குக் கை மாத்த மாட்டோம்." ஒவ்வொருவரும் வைத்தோம், எடுத்தோம். வெளிச்சம் அணைவதற்குள் மேடு எழும்பிவிட்டது. ஆன்ட்டி விளக்கேற்றலாம்.

கிளம்புவோம் என்று திரும்பினேன். டேவிட் நகரவில்லை. மேட்டின் அருகே குனிந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுவதுபோல் மெல்லச் சொன்னார்: "சாலமன் அங்கிள், அவசரத்துல உங்களுக்குச் செய்யற மரியாதைல ஏதாவது குறை வெச்சிருந்தா எங்கள மன்னிச்சிடுங்க."

குளிப்பாட்டி, உடுத்தி, சுமந்து, மூடியவர் கேட்கிறார் மன்னிப்பு!

எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் முழங்கியிருக்கிறேன். இறந்தவரைப் பாராட்டாத மேடை இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்ட மேடை ஒன்றையும் நான் கண்டதில்லை.

நம் நகர் நலச் சங்கத்துக்கு இந்த வழக்கத்தைப் பரிந்துரைக்க எண்ணினேன். பிறகு கைவிட்டேன் — வரிசையில் நின்று எல்லோரும் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.