அண்ணி தேர்ந்தெடுத்த பிராசஸர்

வேலூரில் அந்தக் கம்ப்யூட்டர் கடையின் கண்ணாடி மேஜைமேல் அண்ணி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பெரிய சத்தமில்லை. ஆனால் அதுவரை என் அண்ணனிடம் மட்டுமே பேசிக்கொண்டிருந்த கடைக்காரர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். “ரெண்டு மெஷின்லயும் ஒரே படத்தைப் போடுங்க. எது சீக்கிரம் முடிக்குதுன்னு நான் பாக்கணும்” என்று அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து நீட்டினார். கடைக்காரர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. அண்ணனைப் பார்த்துச் சிரித்தார். “சார், மேடத்துக்கு இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரெல்லாம்? டி.வி.யில விளம்பரம் வருதே, அந்த கம்பெனி பிராசஸரே போட்டுடலாம். நம்பரும் ஜாஸ்தி, ஸ்பீடும் ஜாஸ்தி.”

இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருஷங்களே ஆகியிருந்த காலம் அது. ஆம்பூரில் அண்ணன் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணம், ஞானஸ்நானம், பாஸ்போர்ட் படம் என்று ஓடிக்கொண்டிருந்த ஸ்டூடியோ, டிஜிட்டல் வந்ததும் தடுமாறியது. கேமராவைத் தவிர வேறெந்த மெஷினும் அண்ணன் கைக்கு ஒத்துவராது. எனவே அண்ணிதான் ஆறு மாதம் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்தார். அதற்கு முன்பு அவர் ஒன்பது வருஷம் ஷூ ஃபேக்டரியில் தையல் பிரிவில் இருந்தவர். மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிப் போய், நாள் முழுக்கத் தோலைத் தொட்டுத் தொட்டு வேலை செய்தவர். ஒரே பழுப்பு நிறம் என்று நாம் நினைக்கிற இரண்டு தோல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இது வேறு அது வேறு என்று சொல்லிவிடுவார்.

அந்தக் கண்ணை நம்பித்தான் ஒரு ஷூ ஃபேக்டரி வெள்ளோட்டமாகக் கொஞ்சம் வேலை கொடுத்திருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் கேட்டலாகுக்கான ஷூ படங்கள். பின்னணியை வெட்டி எடுக்க வேண்டும். படத்திலிருக்கும் நிறம், கையிலிருக்கும் தோல் துண்டோடு பொருந்த வேண்டும். பத்து நாளில் ஒழுங்காகக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை. கல்யாண ஆல்பங்கள் எல்லாம் புதிதாக வந்த லேபுக்குப் போய்க்கொண்டிருந்ததால் ஸ்டூடியோவுக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரோ, ஒரு படத்தைத் திருப்பச் சொல்லிவிட்டு அண்ணி போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் மணற்கடிகாரத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று. அண்ணிக்கு அவர் முன்பு வேலை பார்த்த ஃபேக்டரியிலிருந்து வந்த பி.எஃப். பணத்தில்.

கடைக்குப் போன அன்று எனக்கு விடுமுறை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். துணைக்குப் போனவள், உண்மையைச் சொல்ல வேண்டும், அண்ணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். “விட்டுடுங்க அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க.” அண்ணனும் முகம் சிவந்து, “அவரு தினம் விக்கிறவரு. அவருக்குத் தெரியாததா? வா, போலாம்” என்றார். அண்ணி முந்தானையை விடுவித்துக்கொண்டார். கடைக்காரரிடம்தான் சொன்னார்: “அதுல உக்காந்து வேலை செய்யப்போறது நான். என்கிட்ட பேசுங்க.”

ஒரு வழியாகக் கடை மெக்கானிக் இரண்டு மெஷின்களை அருகருகே வைத்தார். ஒன்றில் விளம்பரக் கம்பெனியின் பிராசஸர்; வேகத்தைக் காட்ட அதற்குப் போட்டிருந்த நம்பர் பெரியது. மற்றதில் பெயர் அவ்வளவாகக் கேள்விப்படாத கம்பெனியின் சின்ன நம்பர். முதல் ஓட்டத்தில் பெரிய நம்பர் வெகு சுலபமாக முந்தியது. கடைக்காரர் அண்ணனின் தோளைத் தட்டினார். அண்ணி மவுஸை வாங்கி இரண்டு திரைகளிலும் எதையோ திறந்து பார்த்தார். பிறகு பெரிய நம்பர் மெஷினைக் காட்டி மெக்கானிக்கிடம் சொன்னார். “இதுல ரேம் ரெண்டு மடங்கு இருக்கு. ஒண்ணைக் கழட்டுங்க. ஓடறவங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரி செருப்புதான் போட்டிருக்கணும்.” மெக்கானிக் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். ரேம் கழன்றது.

பெரிய ஷூ படம் ஒன்றைத் திறப்பது, மங்கலாக்குவது, கூர்மையாக்குவது, திருப்புவது. ஒவ்வொன்றுக்கும் அண்ணி கடிகாரத்தைப் பார்த்துச் சி.டி. உறையின்மேல் எழுதிக்கொண்டார். நான்கில் மூன்றில் சின்ன நம்பர் முந்தியது. நான்காவதில் பெரியது மயிரிழையில் முந்தியது. அதையும் நேர்மையாக எழுதிக்கொண்டார். “இந்தச் சின்னது சூடாவும் மேடம். உங்க ஆம்பூர் வெயிலுக்குத் தாங்காது” என்றார் கடைக்காரர். “சூடாவுதான்னு பாத்துடலாம்” என்று அண்ணி அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்படி மெஷினுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தார். எலுமிச்சைச் சாதம். நாங்கள் மூவரும் கடைக்குள்ளேயே சாப்பிட்டோம். வந்தவர்கள் எல்லாம் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகியும் மெஷின் நிற்கவில்லை. சின்ன நம்பரையே வாங்கி, விலையில் மிஞ்சியதற்குக் கூடுதல் ரேம் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுபோனார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். நான்காம் நாள் நான் ஆம்பூர் போனபோது, பட்டப்பகலில் ஒரு படத்தைப் பாதி வெட்டிக்கொண்டிருக்கையில் மெஷின் பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டால் ஐந்து நிமிஷம் ஓடும், அணைந்துவிடும். அண்ணனுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமிருந்தது. “நான் அப்பவே சொன்னேன். எல்லாருக்கும் தெரிஞ்சதை வாங்காம உன் இஷ்டத்துக்கு ஆடினே. இப்போ ஃபேக்டரிக்கு இன்னா பதில் சொல்றது?” என்று கத்தினார். நானும் சும்மா இருக்கவில்லை. “கடையில மாத்தித் தருவாங்களான்னு கேக்கலாமே அண்ணி” என்றேன். அண்ணியின் கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல் கலங்கவில்லை.

“அது நின்னுச்சுன்னா அதுக்குள்ள ஏதோ காரணம் இருக்கும். அதைப் பாக்காம எல்லாரும் என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க?”

பிற்பாடு வார்டில் எத்தனையோ முறை, ஏதாவது தவறானவுடன் யார்மேல் போடலாம் என்று எல்லோரும் சுற்றிப் பார்க்கும்போது, நான் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ‘வாய் ஜாஸ்தி’ என்று பெயரும் வாங்கியிருக்கிறேன்.

அண்ணி கடைக்கு போன் செய்து, முதலாளியிடம் பேசாமல் மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். மெக்கானிக் சொல்லச் சொல்ல, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தோம். பிராசஸரின்மேல் உட்கார்ந்திருந்த ஃபேன் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. பஸ் குலுக்கலில் தளர்ந்திருந்த கிளிப் விட்டுப்போய், சூடு இறங்க வழியில்லாமல் மெஷின் தானே அணைந்திருக்கிறது. பிராசஸர்மேல் எந்தக் குறையும் இல்லை. சூட்டைக் கடத்த நடுவில் தடவியிருந்த பழைய பசையை அண்ணி பஞ்சால் துடைத்தார். பெட்டியோடு வந்த பொட்டலத்திலிருந்து புதுப் பசையைத் தொட்டு வைத்தார். ஃபேனைப் பொருத்திக் கிளிப்பை அழுத்தினார். கட்டைவிரலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது. நான் பஞ்சை நீட்டினேன். வாங்காமல் முதலில் சுவிட்சைப் போட்டார்.

ஒன்பதாம் நாளே படங்கள் ஃபேக்டரிக்குப் போயின. அங்கே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் தோல் துண்டை வைத்துப் பார்த்தார்களாம். இரண்டை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். அவற்றில் ஒன்றில் தவறு தன்னுடையது என்று அண்ணி திருத்திக் கொடுத்தார். மற்றதில் தவறு அவர்கள் அனுப்பிய துண்டில் என்று திருப்பி அனுப்பினார். அவர்கள் சரிபார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். வருஷ வேலை வந்தது. உறவில் அவருக்குப் ‘பிடிவாதக்காரி’ என்ற பெயரும் வந்தது. அண்ணன் இப்படிச் சோதித்து வாங்கியிருந்தால் ‘விவரமானவர்’ என்றிருப்பார்கள். அந்த வயதில் இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இப்போது சொல்கிறேன்.

நான்கைந்து வருஷம் அந்த மெஷின் உழைத்தது. அதற்குள் அண்ணனே ஊரெல்லாம் அந்தச் சின்னக் கம்பெனியின் பிரசாரகராக மாறியிருந்தார். கம்ப்யூட்டர் வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பார். அடுத்த மெஷினுக்கு அண்ணி தனியாகவே சென்னைக்குப் போய்வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிய பெட்டியைப் பார்த்து அண்ணன் திகைத்து நின்றார். உள்ளே இருந்தது அந்த விளம்பரக் கம்பெனியின் பிராசஸர்.

“அவ்ளோ சண்டை போட்டுட்டு, இப்போ நீயே அதை வாங்கினு வந்திருக்கே?”

“அன்னிக்கு அது ஜெயிச்சுது. இன்னிக்கு இது ஜெயிச்சுது. ஒரு கம்பெனிக்கு நான் இன்னா கழுத்தையா நீட்டியிருக்கேன்?” என்றார் அண்ணி.

அண்ணன் பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, ஒரு குலுக்கலும் இல்லாமல், படிப்படியாக மாடி ஏறினார்.