சிவப்புச் சீட்டு ஒட்டிய டேப்

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் அவர் பெட்டி டீச்சர். டேப் என்னும் பன்னிரண்டு தொடுதிரைக் கருவிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் சக்கரம் வைத்த இரும்புப் பெட்டியைத் தாழ்வாரமே அதிரத் தள்ளிக்கொண்டு வருவதால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது ஐம்பத்தொன்று. கோபம் மூக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். டேப்கள் முதன்முதலாக வந்து இறங்கிய நாளில், "இருக்கிற தலைவலி பத்தாதுன்னு இது வேறயா?" என்று ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டவர் இவர். கேட்டவர் தலையிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார்கள்.

கட்டிய பிறகு ஆளே மாறிப்போனார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் படம் வரைவார்கள். அதை டேப்பில் போட்டோ எடுத்து, படத்துக்குப் படம் தங்கள் குரலிலேயே கதை சொல்லிப் பதிவு செய்வார்கள். கட்டுரை என்றால் வயிற்றுவலி வருகிறவர்கள்கூட டேப்பைக் கண்டால் வாய் ஓயாமல் பேசினார்கள். ஒருத்தியைத் தவிர.

அந்த எட்டு வயதுப் பெண் பள்ளிக்குள் வாயே திறக்க மாட்டாள். "வீட்ல இவ வாயை மூட வைக்கிறதுதான் டீச்சர் எனக்கு வேலையே" என்பார் துணி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் அம்மா. பள்ளி வாசலை மிதித்ததும் பேச்சு நின்றுவிடும். இரண்டு வருடம் பார்த்துவிட்டு, ஊரின் மறுகோடியில் இருக்கும் தனிப்பள்ளிக்கு அவளை மாற்றலாம் என்று மேலதிகாரி எழுதிவிட்டார். பள்ளிக்குள் அவள் பேசியதை, பதிவிலாவது, தன் காதால் கேட்டால் மட்டுமே முடிவு மாறும். கடைசி நாள், இந்தத் திங்கட்கிழமை.

டீச்சர் மூன்று வாரம் அவளோடு மல்லுக்கட்டினார். கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவள் அவளேதான். ஒரு நாள் நோட்டையும் டேப்பையும் எடுத்துக்கொண்டு, தலைமையாசிரியை அறையை ஒட்டிய வரைபட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது டேப்பில் எட்டுப் படம், எட்டுப் படத்துக்கும் குரல். மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன ஒரு லிஃப்டின் கதை. டீச்சர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டார்.

இனி அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு டேப். இடம் போதாது. அதனால் வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் அழித்துவிடுவது அவர் போட்ட சட்டம். அழிக்கக் கூடாத டேப்பின் முதுகில் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கும். பதிவை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாற்றி வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் என்றால் அவருக்கு இன்னும் கொஞ்சம் பயம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

திங்கள் காலை பத்து மணிக்கு அறையில் தலைமையாசிரியை, அதிகாரி, அரை நாள் லீவு போட்டு வந்திருந்த அம்மா, அவர் பக்கத்தில் அந்தப் பெண். டீச்சர் சிவப்புச் சீட்டு ஒட்டிய டேப்பை மேஜையில் வைத்து அழுத்தினார்.

டேப்பில் கழுதை கத்தியது. பின்னாலேயே மூன்று வால் பையன்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம்.

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. டேப்பைத் திருப்பிப் பார்த்தார். முதுகில் எண் ஏழு. அவள் பேசியது எட்டாம் எண் டேப்பில். நெருக்கி அடுக்கிய பெட்டிக்குள் எட்டிலிருந்து கழன்ற சீட்டு பக்கத்து ஏழின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எட்டை வெள்ளிக்கிழமை அவர் கையாலேயே துடைத்தாயிற்று.

"பதிவுன்னு ஒண்ணு உண்மையாவே இருந்துச்சா?" என்றார் அதிகாரி. கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அவர் பேனா மூடியைத் திறந்துவிட்டார்.

பெட்டியில் ஏதோ கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பிக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"இருந்துச்சு சார். நான்தான் அழிச்சேன். டேப்பைப் பார்க்கல, சீட்டை மட்டும் பார்த்தேன்." பிறகு அம்மாவிடம், "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். அம்மா மடியில் இருந்த பையின் வாரை முறுக்கினார்.

நாற்காலி நகர்ந்தது. அந்தப் பெண் எழுந்து மேஜையிலிருந்த டேப்பை எடுத்தாள், பையிலிருந்து நோட்டை எடுத்தாள், யாரையும் பார்க்காமல் வரைபட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு நிமிடம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. தடித்த கதவைத் தாண்டி மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. தலைமையாசிரியை ஒரே காகிதத்தை நாலு தடவை மடித்தார்.

"அழுறாளோ என்னவோ, ஒரு தடவை பார்த்துடலாமே" என்று அதிகாரி எழுந்தார்.

டீச்சர் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். "யாராவது எட்டிப் பார்த்தா அவ வாய் பூட்டிக்கும் சார். அப்புறம் இந்த ரூம்ல என் சத்தம் மட்டும்தான் கேக்கும். கேக்க நல்லாவும் இருக்காது."

"என்ன டீச்சர், சார்கிட்ட போய்..." என்று தலைமையாசிரியை பதறினார். டீச்சர் அசையவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

பதினோராவது நிமிடம் முதுகுப் பக்கம் கதவு மெல்ல இடித்தது. டீச்சர் விலகினார். அவள் வந்து டேப்பை அதிகாரியின் முன்னால் வைத்து, தானே அழுத்தினாள்.

"ஒரு லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு," என்றது டேப். தெளிவான, கொஞ்சம் அவசரமான குரல். "எல்லாரும் பட்டனை அமுக்குறாங்க. கதவைத் தட்டுறாங்க. கெட்டுப்போச்சு, வேற லிஃப்ட் வாங்கலாம்னு சொல்றாங்க. அது கெட்டுப்போகல. உள்ள எத்தனை பேர்னு எண்ணிட்டிருக்கு. நீங்க தட்டத் தட்ட மறந்துபோய் முதல்லேருந்து எண்ணுது."

அதிகாரியின் பேனா நின்றது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எட்டுப் படமும் முடிந்தன. குரல் முடியவில்லை.

"கதவுக்குக் கீழ டீச்சரோட கால் தெரியுது. ரெண்டு செருப்பும் வேற வேற. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு பழுப்பு. அவங்க நகரவே இல்ல. அதனாலதான் நான் முழுசா சொல்லிட்டேன்."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். டீச்சரும்தான். விடியற்காலையில் கிளம்பிய பதற்றத்தில், எதில் காலை நுழைத்தோம் என்றே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அழுவதா சிரிப்பதா என்று புரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

"இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அதிகாரி எழுதத் தொடங்கினார்.

அந்தப் பெண் அதைக் கவனிக்கவில்லை. மேஜை மேலிருந்த செல்லோடேப்பை இழுத்து, சிவப்புச் சீட்டின் நாலு பக்கமும் அழுத்தி அழுத்தி ஒட்டினாள். பிறகு டேப்பைக் கொண்டுபோய் டீச்சர் கையில் கொடுத்தாள்.