தோல் மட்டும் கெட்டியான கத்தி

எனக்குப் பொறுமை ஜாதகத்திலேயே கிடையாது. எனக்கு வாய்த்த வேலையோ, துவாக்குடிப் பட்டறை ஒன்றில் உலை முன்னால் காத்துக் கிடப்பது. இயந்திரப் பாகங்களை ஐந்நூறு டிகிரிக்குச் சூடாக்கி, நைட்ரஜனை இரும்பின் மேல்தோலுக்குள் ஏற்றுவோம். நைட்ரைடிங் என்று பெயர். ஏற்றி முடித்தால் அரம் போட்டாலும் வழுக்கும்.

அக்கா ஸ்ரீரங்கத்தில் கல்யாணச் சமையல் கோஷ்டி ஒன்றில் காய் நறுக்குபவள். சேனையும் பூசணியும் நறுக்கி வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. இனி அழுத்தி நறுக்கினால் கை போய்விடும் என்று புத்தூர் டாக்டர் சொன்னார். நறுக்காவிட்டால் வேலை போய்விடும். அழுத்தாமல் இறங்குகிற கத்தி வேண்டும், அவ்வளவுதானே என்று அவளுடைய பெரிய கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பட்டறைக்கு எது வந்தாலும் வேலைச் சீட்டில் முதல் கேள்வி, என்ன இரும்பு என்பதுதான். அக்கா கத்திக்கு யார் சீட்டுப் போடுவார்கள்? அடுத்த லோடோடு உலையில் ஏற்றினேன். சாம்பல் நிறத்தில் அழகாக வந்தது. அரம் வழுக்கியது. அன்றைக்கே பஸ் பிடித்துப் போய்க் கொடுத்தேன்.

மறுநாள் முதல் பூசணியிலேயே கூர் மடங்கிவிட்டது. பழைய லாரியின் வில்பட்டையில் அடித்த கத்தியாம். அவ்வளவு சூட்டில் உள்ளிருந்த பதம் இறங்கிப்போயிருந்தது. தோல் மட்டும் கெட்டி, உள்ளே சவசவ. வெட்கம் பிடுங்கித் தின்றது.

சூடு தாங்குகிற எஃகு தேடி அலைந்தேன். வார்ப்பு அச்சு செய்யும் எஃகில் ஒரு துண்டு பிடித்து, வெட்டி, பதமேற்றி, உலையில் வைத்து எடுக்க மூன்று வாரம் ஓடிவிட்டது. எல்லாம் முகூர்த்த நாட்கள். சமையல்கட்டில் கிடந்த மொக்கைக் கத்தியால் அக்கா அழுத்தி அழுத்தி நறுக்கிக்கொண்டிருந்தாள். அது தெரிந்தும் நான் தினம் ஃபோன் செய்து, கத்தி தயாராகிறது என்று மட்டும் சொன்னேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்கப் பயமாக இருந்தது.

புதுக் கத்தியைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன். உட்கார முடியவில்லை. சேனையில் வைத்தாள். தானாக இறங்கியது. இரண்டாவது துண்டில் கத்தி நழுவிப் பலகையில் விழுந்தது. எடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

"கத்தி நல்லாத்தான் இருக்குடா. கைதான் பிடிக்க மாட்டேங்குது."

அதைத் துடைத்து, பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, இலை துடைப்பவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டாள்.