ஃபேனுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று

போன மாதம் குமுளி மலைப்பாதையில் என் மனைவியின் உயிரோடு விளையாடிவிட்டேன். மிகையாகச் சொல்கிறேன் என்று தோன்றுகிறதா? முழுவதையும் கேளுங்கள்.

பக்கவாதம் வந்த பிறகு செல்வியால் அரை மணி நேரம்கூட உட்கார முடியாது. அதனால் பழைய டீசல் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், ஃபேன், சின்ன ஃப்ரிட்ஜ், அவற்றுக்குத் தனி பேட்டரி எல்லாம் வைத்து வீடாக்கினேன். படுத்தபடியே வருவாள். முதல் பயணம், கட்டப்பனையில் இருக்கும் அவளுடைய அக்கா வீட்டுக்கு.

கிளம்பும் நேரத்தில் இன்ஜின் பேட்டரி படுத்துவிட்டது. உத்தமபாளையத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் ரபீக் பாயிடம் ஓடினேன்.

“டீசல் இன்ஜின் சார். ஸ்டார்ட் பண்ண, ஒரே மூச்சுல கரண்டக் கொட்டிக் குடுக்குற பேட்டரி வேணும். ஃபேனுக்கு உள்ளது வேற ரகம், மெல்ல மெல்லத்தான் குடுக்கும். ரெண்டையும் நேரா சேத்துக் கட்டாதீக, ஃபேனு இன்ஜின் பேட்டரியவும் உறிஞ்சிரும். நடுவுல ரிலே போட்டா, வண்டி நின்னதும் அதுவே பிரிச்சு விட்ரும். மதுரையிலருந்து வரணும், ரெண்டு நாள் பொறுங்க.”

எனக்கு எங்கே பொறுமை? புது பேட்டரியை மட்டும் வாங்கி வந்தேன். இரண்டும் சேர்ந்தால் ஃபேன் கூடுதலாக ஓடுமே என்று ஒரு புத்திசாலித்தனம் வேறு! டிரைவர் பாண்டி ஒயரை இழுத்து நேராகவே கட்டிவிட்டார். ஏலத்தோட்டத்தில் பல வருடம் ஜீப் ஓட்டியவர்.

“தோட்டத்து ஜீப்புல செல்ஃப் ஸ்டார்ட்ட யாருண்ணே நம்புனா? இறக்கத்துல நிப்பாட்டுவோம். உருட்டி விட்டா பிடிச்சுக்கிரும்.”

அக்கா வீட்டுப் படி ஏற முடியாமல் செல்வி இரவு வண்டியிலேயே படுத்தாள். ஃபேனும் ஃப்ரிட்ஜும் விடிய விடிய ஓடின. காலையில் இன்ஜின் முக்கி முனகித்தான் கிளம்பியது.

திரும்பும் வழியில், மேலிருந்து கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டும் என்றாள். பாண்டி வழக்கம்போல இறக்கம் பார்த்து நிறுத்தினார். சாப்பிட்டோம். அவள் கண்ணயர்ந்தாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு சாவியைத் திருப்பினால்... ‘டிக்’. அவ்வளவுதான். பாண்டி ஹேண்ட் பிரேக்கை விட்டார்.

வண்டி உருண்டது. இன்ஜின் பிடிக்கவில்லை. இன்ஜினுக்குள் டீசல் வரவே கொஞ்சம் கரண்ட் வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அந்த வேனின் கனமோ ஜீப்பைப் போல பல மடங்கு. இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்கும் பலமில்லை.

“அண்ணே, பிரேக்கு கல்லாக் கெடக்கு!”

முன்னால் வளைவு. பின்னால், தானாக எழுந்திருக்க முடியாத செல்வி. பாண்டி மூச்சைப் பிடித்து ஸ்டியரிங்கை மலைப் பக்கம் ஒடித்து, சக்கரத்தைச் சாலையோர ஓடைக்குள் இறக்கினார். வண்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. பிறகு ஒரு லாரிக்காரர் வெளியே இழுத்து, அவர் பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து கொடுத்தார்.

மறுவாரம் ரபீக் பாய் வீட்டுக்கே வந்தார். பேட்டரிகளைப் பிரித்தார். ரிலே வைத்தார். கட்டை விரல் பருமனில் ஒயர் போட்டு, வண்டியின் அடிச்சட்டத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எர்த் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“ஃபேனப் போடுங்கம்மா, பாப்போம்.”

கட்டிலில் இருந்த செல்விக்கு நெற்றியெல்லாம் வியர்வை. ஆனாலும் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. வார்த்தை வார்த்தையாகக் கேட்டாள்.

“போட்டா... வண்டி... நின்னுராதே பாய்?”

அப்போதுதான் உறைத்தது. அன்று ஓடையிலிருந்து வீடு வந்து சேரும்வரை, அந்த வெயிலில், அவள் ஃபேனைத் தொடவே இல்லை. தான் காற்று வாங்கியதால்தான் அத்தனையும் நடந்தது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

தப்பு என்னுடையது என்று அவளிடம் ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். பாண்டி அல்ல, பாயும் அல்ல.