நடப்பு வயதுப் பற்றைகள்

மார்க்கம் என்ற புறநகரில் இருந்த கம்பனி என்னை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நகரத்துக்குள் ஓர் ஆய்வுகூடத்தில் குச்சி எண்ணும் வேலை கிடைத்தது. மரமே முளைக்காத வடக்குத் தூந்திராப் பனிவெளியிலிருந்து வில்லோ என்ற குட்டைச் செடிப் பற்றைகளின் தண்டுகள் பெட்டி பெட்டியாக வரும். அவற்றை அப்பளத்தைவிட மெல்லிசாகச் சீவி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, வளையங்களை எண்ணி அகலம் அளக்க வேண்டும். கோடைக்கு ஒரு வளையம். வெப்பமான கோடையென்றால் அகலமான வளையம். பெருவிரல் தடிப்பான தண்டுக்கு முப்பது வயது இருக்கும். வெளிப்பக்கத்து வளையங்கள் மட்டும் பிந்திய வயதில் சாப்பாடு கண்ட ஆளைப் போல ஊதிக்கொண்டு வரும். எனக்கும் அதே வளர்ச்சிதான், காரணம் வேறு.

கணுக்கால் உயரம் நின்ற பற்றை இப்போது இடுப்புவரை வருகிறதாம். பனிக்கு மேலே தலை நீட்டி வெயிலை உறிஞ்ச, பனி முந்திக் கரைகிறதாம். கரையக் கரையப் பற்றை இன்னும் பெருக்கிறதாம். வெயிலும் பற்றையும் ஏதோ கூட்டுச் சேர்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

பக்கத்து மேசையில் மதுரையிலிருந்து வந்த மாணவி. ஒரே தண்டுகளை இருவரும் தனித்தனியே எண்ணினோம். சரியாக எண்ணுபவருக்குத்தான் அடுத்த வருடமும் வேலை, வெள்ளிக்கிழமை முடிவு என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை அவளுடைய தாளை எட்டிப் பார்த்தேன். அவளுக்கு முப்பத்தொன்று, எனக்கு முப்பத்திரண்டு. அடுத்த தண்டு அவளுக்கு நாற்பது, எனக்கு நாற்பத்தொன்று. ஒன்றில் தவறினால் கவனக்குறைவு. எல்லாவற்றிலும் தவறினால் சதி. மத்தியானம் அவள் புளியோதரை நீட்டியபோது அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன். இரண்டாம் தரமும் வாங்கித் தின்றேன்.

வியாழக்கிழமை பேராசிரியர் என் அட்டவணையைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். எல்லாவற்றிலும் அகலமான வளையம், கடும் வெப்பக் கோடைக்கு முந்திய வருடத்தில் நின்றது.

“வெயில் வர முதலே உன் பற்றைகளுக்குத் தெரிந்துவிட்டதோ?” என்று ஆங்கிலத்தில் சிரித்தார்.

இப்போது அவர்மேலும் சந்தேகம். கொஞ்ச நேரத்தில் வடக்கே இருக்கும் வெப்பமானிமேலும் சந்தேகம். அவர் போனதும் மாணவியிடம் திரும்பினேன்.

“தங்கச்சி, உண்மையைச் சொல்லும். ஒரு வளையத்தை ஏன் ஒளிக்கிறீர்?”

“நான் எதுக்கண்ணா ஒளிக்கணும்? நீங்கதான் இல்லாததைச் சேக்குறீங்க.”

“இந்த வயசிலை எனக்கு வேறை ஆர் வேலை தருவினம்?”

“அப்படி என்ன வயசு?”

“ஐம்பத்தெட்டு நடக்குது.”

“நடக்குதுன்னா? முடிஞ்சது ஐம்பத்தேழா?”

“முடிஞ்சதை ஆர் கேட்டது? நடக்கிறதைத்தானே சொல்லுறது! எங்கடை சனம் எல்லாம் அப்பிடித்தான்.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். “ஐயோ அண்ணா! செடிக்குமா?”

தண்டுகளை ஜூலையில் வெட்டியிருந்தார்கள். பட்டைக்கு அடியில் அந்தக் கோடையின் வளையம் வெறும் கீற்றாகத் தொடங்கியிருந்தது. முடிந்த வளையங்களை மட்டும் எண்ணச் சொல்லியிருந்தும், நான் அந்தக் கீற்றுக்கும் ஒரு வயது போட்டு, முந்திய வருடத்துக் கட்டத்தில் எழுதியிருந்தேன். உள்ளே இருந்த வருடங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளுப்பட்டுவிட்டன.

“சார்கிட்ட நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க,” என்றாள். என் பிழையை எனக்குக் காட்டாமல் இருந்திருந்தால் வேலை அவளுக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சொன்னேன். பேராசிரியர் கணினியில் கீற்றுக்குப் போட்ட வயதை அழித்து, என் அட்டவணைப் பத்தியை ஒரு கட்டம் நகர்த்தினார். எல்லாத் தண்டிலும் எங்கள் இருவரின் எண்ணிக்கையும் பொருந்தியது. அகன்ற வளையம் வெப்பக் கோடையில் போய் உட்கார்ந்தது. வெளி வளையங்கள் ஊதியது ஊதியபடியே இருந்தன. அவையாவது என் பிழையாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

“இவ்வளவு சீராகப் பிழைவிட ஆள் கிடைக்காது,” என்று சொல்லி, இருவரையும் வைத்துக்கொண்டார். அது பாராட்டுத்தானா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.