ரீச்சரின் சரக்குத்தூளும் கப்பல் கூலியும்

கப்பல் கூலி ஏறினால் சனம் ஏசுவது கப்பல்காரரை அல்ல, யாழ்ப்பாணத்தில் மேசை போட்டு வெளிநாட்டுக்குப் பெட்டி அனுப்புகிற என்னைத்தான். பஸ் கொண்டக்டர்மாரே, கரண்ட் பில் கொண்டுவருகிறவர்களே, இந்த வலி உங்களுக்கு விளங்கும்.

நேரே போகிற கப்பல்

வட்டுக்கோட்டைப் புஷ்பம் ரீச்சர் பெட்டியோடு வந்தார். ரொறன்ரோவில் மகளுக்கு நாலு மாதத்தில் தலைப்பிரசவம். பெட்டிக்குள் பிள்ளை பெற்றவளுக்குச் சமைக்கிற சரக்குத்தூள், ரீச்சரே வறுத்து இடித்தது. கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதம்.

கூலி போன மாதத்தைவிடக் கூட. செங்கடல் பக்கம் சண்டை, கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போகின்றன, எண்ணெய் கூடச் செலவாகிறது என்று உலகப் படத்தில் விரலை ஓட்டிக் காட்டினேன். முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சுத்திப் போறது அவையின்ரை விருப்பம், தம்பி. நான் நேரை போறதுக்குத்தான் காசு தருவன்."

வெங்காய ஆலோசனை

அடுத்த கிழமை ரீச்சர் திரும்பப் பெட்டியோடு வந்தபோது கூலி இன்னும் ஏறியிருந்தது. கிறிஸ்மஸுக்கு எல்லாரும் ஒரேயடியாகச் சாமான் ஏற்றுகிறார்கள், கொள்கலன் கிடைக்கவில்லை. கூட்டம் குறைய இறங்கும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பிறகு, "பிள்ளை காத்திராது ரீச்சர், இப்பவே அனுப்புங்கோ" என்று கெஞ்சியும் பலனில்லை. வெளிநாட்டு மகனுக்குக் காய்ந்த பனங்கிழங்கு ஒடியல் அனுப்ப வந்திருந்த கந்தையா அண்ணை நடுவில் புகுந்தார். அவர் கமக்காரர்; வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் கூரையில் தூக்கிவிட்டு விலை ஏறும்வரை பார்த்திருப்பவர்.

"உந்தப் பெட்டியையும் வெங்காயம் மாதிரி வீட்டிலை தூக்கி வையுங்கோ ரீச்சர். பொறுத்தவன் தோத்ததில்லை."

விழுந்த கூலி

பெட்டி வீட்டுக்குத் திரும்பியது. நான் தினமும் கூலியைப் பார்த்தேன். அது இறங்கவில்லை. மூன்றாம் மாதம் ஒரு காலை ரீச்சர் பெட்டியோடு ஓடிவந்தார். பேரன் முந்திப் பிறந்துவிட்டான்! மகள் ஆஸ்பத்திரியில் பாணும் ஜாமும் சாப்பிடுகிறாளாம். "பிளேனிலை போடுங்கோ" என்றார். அது கப்பலைவிடப் பல மடங்கு. ஒரு சதம் குறைக்கச் சொல்லாமல் கையெழுத்து வைத்தார். எனக்குப் பாவமாய்ப் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் செய்தி வந்தது. சரக்கில்லாமல் கப்பல்கள் அரைவாசி வெறுமையாக ஓடுகின்றனவாம், கூலி பாதியாக விழுந்துவிட்டது. மறைக்க மனம் வரவில்லை. சொல்லிவிட்டு, ஏச்சு வாங்கத் தலையைக் குனிந்தேன். ரீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப அடுத்த பிள்ளைக்கான தூளை இப்பவே கப்பலிலை போட்டுவிடுவம், தம்பி. நாளைக்கு இடிச்சுக்கொண்டு வாறன்."

கப்பல் கூலி சண்டையாலும் ஏறும், கூட்டத்தாலும் ஏறும். இறங்குவதற்கு மட்டும் வட்டுக்கோட்டை ரீச்சருக்குப் பேரன் பிறக்க வேண்டியிருக்கிறது.